நினைத்த நிறத்தில் கோழிக்குஞ்சு எடுப்பது எப்படி

நீலச் சேவல் ஒன்றையும் நீலப் பெட்டைகள் இரண்டையும் தேடி அலைந்து வாங்கி, தனிக் கூண்டில் விட்டு, முட்டை சேர்த்து அடை வைத்து, 21 நாள் கழித்துப் பார்த்தால் குஞ்சுகளில் பாதிதான் நீலம். மீதியில் சில கருப்பு, சில அழுக்கு வெள்ளையில் மை தெளித்த மாதிரி. உடனே "விற்றவர் ஏமாற்றிவிட்டார், இது சுத்தமான ஜாதி இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கோழிகள் சரியாகத்தான் குஞ்சு கொடுத்திருக்கின்றன. நீலத்தோடு நீலம் சேர்த்தால் வரவேண்டியதே அதுதான்.

நிறத்துக்காகக் கோழி சேர்ப்பவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது: கண்ணுக்குத் தெரியும் இறகு பாதி விஷயம்தான், மீதி அந்தக் கோழிக்குள் மறைந்து கிடக்கிறது. மறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, எழுதி வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மரபணுவை மட்டும் கையாண்டால் அடுத்த ஈட்டில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு உயிரியல் பட்டம் தேவையில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

மொத்தமே இரண்டு சாயம்

கோழி இறகில் இருக்கும் முக்கியமான நிறமிகள் இரண்டே இரண்டு. ஒன்று கருப்புக்குக் காரணமான யூமெலனின், இன்னொன்று சிவப்பு, பொன்னிறம், செவலை எல்லாவற்றுக்கும் காரணமான பியோமெலனின். வெள்ளை என்பது தனிச் சாயம் இல்லை, சாயம் இறங்காத இடம், அவ்வளவுதான். நீலம், லாவண்டர், சாக்லேட், பட்டை, புள்ளி, ஓரக்கோடு என்று நாம் கொடுக்கும் பெயர்கள் எல்லாம் இந்த இரண்டு சாயங்களை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எதை வெளுக்க வைப்பது என்ற கட்டளைகளின் விளைவு.

எங்கே கருப்பு, எங்கே சிவப்பு என்ற அடித்தளத்தைப் போடுவது எம்சி1ஆர் என்ற மரபணு. இதில் பல வகைகள் உண்டு. உடம்பு முழுக்கக் கருப்பு ஆக்குவது, கழுத்தில் மட்டும் நிறம் விட்டு மற்றதைக் கருப்பாக்கும் பிர்ச்சன், கோதுமை நிறப் பெட்டையைக் கொடுக்கும் வீட்டன், பழுப்பில் மெல்லிய கோடு விழும் பார்ட்ரிட்ஜ், அப்புறம் கோழிகளின் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழியின் நிறம். உங்கள் கோழி எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்று தெரியாமல் மேலே என்ன பூசினாலும் கணக்கு தப்பும். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் முழுக்கருப்பு அடித்தளத்தில் ஆரம்பியுங்கள் என்று சொல்வேன். அதில் ஒரு மாற்றம் வந்தால் பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கருப்பு ஒரு போர்வை. அதற்குக் கீழே வெள்ளியோ பொன்னோ இருக்கலாம், ஓரக்கோட்டு மரபணு கூட இருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழுக்கருப்பு மரபணு மட்டும் இருந்தால் போதாது, அதற்குத் துணையாகக் கருமை கூட்டும் மற்ற மரபணுக்களும் வேண்டும். அவை குறைவாக இருக்கும் சேவலுக்கு நாலைந்து மாதத்தில் கழுத்திலும் தோளிலும் சிவப்போ வெள்ளையோ கசியும். அந்தக் கசிவு ஒரு விதத்தில் நல்லது, போர்வைக்குள் பொன் இருக்கிறதா வெள்ளி இருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கிறது.

இரண்டு பிரதி, ஒன்று அப்பாவிடம் ஒன்று அம்மாவிடம்

ஒவ்வொரு மரபணுவும் ஜோடியாக இருக்கிறது. குஞ்சுக்குச் சேவல் தன் ஜோடியில் ஒன்றைக் கொடுக்கும், பெட்டை ஒன்றைக் கொடுக்கும். எது போகும் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான். ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்தால் அது ஓங்கு பண்பு, இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு பண்பு. ஒடுங்கு பண்பு ஒற்றைப் பிரதியாக உள்ளே இருந்து வெளியே தெரியாமல் இருக்கும் கோழியை வளர்ப்பவர்கள் ஸ்பிளிட் என்பார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்து இதைப் படித்திருப்பீர்கள். மெண்டல் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் பேட்சன், அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கோழிக் கொண்டைதான், ஆண்டு 1902. அவரோடு வேலை செய்த ரெஜினால்ட் புன்னட்டின் பெயரில்தான் நாம் போடும் நாலு கட்டக் கணக்கு, புன்னட் சதுரம், இன்றைக்கும் வழங்குகிறது. கோழி வளர்ப்பவர்கள் அந்தச் சதுரத்தைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு எப்போதுமே வருத்தம். அது நம் கோழிகளோடு சேர்ந்தே வளர்ந்த கணக்கு.

நீலம்: இங்கிருந்து தொடங்குங்கள்

நீல மரபணு பாதி ஓங்கு. ஒரு பிரதி இருந்தால் கருப்பு நீலமாக வெளுக்கும், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் வெளுத்து, அழுக்கு வெள்ளையில் கருநீலத் தெறிப்பாக மாறும், அதற்குப் பெயர் ஸ்பிளாஷ். ஒன்றுமே இல்லையென்றால் கருப்பு. அதாவது நீலக்கோழி எப்போதுமே பாதி வழியில் நிற்கும் கோழி, அதை அப்படியே சுத்தமாக இனப்பெருக்கம் செய்யவே முடியாது. நீல நிறத்துக்குப் பேர்போன அண்டலூசியன் ஜாதிக் கோழி வளர்த்தவர்களை எத்தனையோ தலைமுறை குழப்பிய விஷயம் இது.

நீலமும் நீலமும் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று கருப்பு, இரண்டு நீலம், ஒன்று ஸ்பிளாஷ். நீலமும் கருப்பும் சேர்ந்தால் பாதி நீலம் பாதி கருப்பு. நீலமும் ஸ்பிளாஷும் என்றால் பாதி நீலம் பாதி ஸ்பிளாஷ். கருப்பும் ஸ்பிளாஷும் சேர்த்தால்? குஞ்சு அத்தனையும் நீலம். நீலக்குஞ்சு மட்டும்தான் வேண்டும் என்று கேட்பவர் நீலக்கோழியே வாங்க வேண்டியதில்லை, யாரும் விரும்பாமல் ஒதுக்கும் ஸ்பிளாஷ் சேவல் ஒன்றும் நல்ல கருப்புப் பெட்டைகளும் போதும். இதைச் சொல்லும்போது நம்பாதவர்கள் அடுத்த ஈடு பொரிந்ததும் வந்து சொல்வார்கள்.

இங்கே ஒரு பக்குவமும் இருக்கிறது. நீலம் என்றாலும் எல்லாம் ஒரே நீலம் இல்லை. நல்ல நீலத்தில் இறகின் ஓரத்தில் கருநீலக் கோடு தெளிவாக விழும், சேவலின் கழுத்தும் முதுகும் நன்றாக இருண்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக நீலத்தை நீலத்தோடும் ஸ்பிளாஷோடும் மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், கருமை கூட்டும் துணை மரபணுக்களைக் கவனிக்க வழியில்லாமல் நிறம் மங்கிக்கொண்டே வரும். நடுநடுவே பச்சை மினுமினுப்புள்ள, எங்கேயும் கசிவில்லாத கருப்பை உள்ளே கொண்டுவாருங்கள். நீலக்கோழியின் தரம் கருப்புக்கோழியில் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, நீலம் கருப்புச் சாயத்தை மட்டும்தான் வெளுக்கும், சிவப்பைத் தொடாது. ஆகவே பெரும்பாலும் செவலையாக இருக்கும் கோழிக்குள் நீலம் இருக்கிறதா என்று பார்க்க வாலைப் பாருங்கள். வால் கருப்பாக இல்லாமல் சாம்பல் நீலமாக இருந்தால் உள்ளே அது இருக்கிறது.

லாவண்டர் வேறு, நீலம் வேறு

பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குஞ்சாக இருக்கும்போது பிரிப்பது ரொம்பக் கடினம். ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. லாவண்டர் ஒடுங்கு பண்பு. காரணம் மெலனோபிலின் என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம், நிறமித் துகள்கள் இறகுக்குள் சரியாகப் பரவாமல் கூட்டமாக நின்றுவிடுவதால் நிறம் வெளிறித் தெரிகிறது. பூனைகளில் வரும் சாம்பல் நிறத்துக்கும் இதே மரபணுதான் காரணம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தரும் விஷயம். நீலம் போலில்லாமல் இது கருப்பையும் வெளுக்கும், சிவப்பையும் வெளுத்து வைக்கோல் நிறமாக்கும். தலையிலிருந்து வால் வரை ஒரே சீரான நிறம், ஓரக்கோடு கிடையாது. வளர்ந்த பிறகு பிரித்தறிய அதுவே அடையாளம்.

லாவண்டரும் லாவண்டரும் சேர்ந்தால் எல்லாமே லாவண்டர். லாவண்டரும் சுத்தக் கருப்பும் சேர்ந்தால் எல்லாமே கருப்பு, ஆனால் எல்லாமே ஸ்பிளிட். ஸ்பிளிட்டும் லாவண்டரும் என்றால் பாதிக்குப் பாதி. ஸ்பிளிட்டும் ஸ்பிளிட்டும் என்றால் நாலில் ஒன்று லாவண்டர், மீதி மூன்று கருப்பு, அந்த மூன்றில் இரண்டு ஸ்பிளிட், ஆனால் எந்த இரண்டு என்று கண்ணால் சொல்ல முடியாது.

லாவண்டரை லாவண்டரோடு மட்டுமே சேர்த்துக்கொண்டு போவதில் ஒரு தொல்லை இருக்கிறது. பல வரிசைகளில் வால், இறக்கை இறகுகள் நார்நாராகப் பிரிந்து, ஒழுங்காக வளராத குறை லாவண்டரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்படி இறகு கெட்டவற்றைக் கண்டிப்பாக ஒதுக்கிவிட்டு, சில தலைமுறைக்கு ஒருமுறை நல்ல இறகுள்ள கருப்போடு சேர்த்து மறுபடி லாவண்டரை வெளியே எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அதைச் செய்யாத கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், வால் துடைப்பம் மாதிரி இருக்கும். நீலத்தையும் லாவண்டரையும் ஒரே கூட்டத்தில் கலக்கவே வேண்டாம். எது எது என்று பிரிக்க முடியாமல் இரண்டு வேலையும் கெடும்.

பெட்டைக்கு ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் நிறங்கள்

மனிதர்களில் ஆணுக்குத்தான் பால் குரோமோசோம்கள் இரண்டு விதமாக இருக்கும், கோழியில் நேர் எதிர். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். நிறத்தில் முக்கியமான சில மரபணுக்கள் இந்த இசட்டில் உட்கார்ந்திருக்கின்றன: வெள்ளி அல்லது பொன் என்று தீர்மானிப்பது, வெள்ளைப் பட்டை போடுவது, சாக்லேட் நிறம் கொடுப்பது. பெட்டைக் குஞ்சுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே வருகிறது, அம்மாவின் இசட் மகன்களுக்கு மட்டுமே போகிறது. இந்த ஒரே வரியை மனதில் வைத்தால் கீழே வருவது எல்லாம் தானாகப் புரியும்.

முதல் பலன், இசட்டில் இருக்கும் இந்த நிறங்களுக்குப் பெட்டை ஸ்பிளிட்டாக இருக்க முடியாது. சாக்லேட் ஒடுங்கு பண்பாக இருந்தும், அவளிடம் ஒரே பிரதி என்பதால் இருந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை. கருப்புப் பெட்டையைச் சாக்லேட்டுக்கு ஸ்பிளிட் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அப்படி ஒரு பெட்டை இருக்க முடியாது. சேவல்தான் ஸ்பிளிட்டாக இருக்கும்.

இரண்டாவது பலன், பொரித்த அன்றைக்கே சேவலா பெட்டையா என்று நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். சாக்லேட் சேவலைக் கருப்புப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் சாக்லேட், மகன்கள் எல்லாம் கருப்பு. பட்டை இல்லாத சேவல், உதாரணமாக ரோட் ஐலண்ட் ரெட், அதோடு பட்டை உள்ள பிளைமவுத் ராக் பெட்டை என்றால் குஞ்சு எல்லாம் கருப்பாகவே பொரியும், ஆனால் மகன்களுக்குத் தலை உச்சியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், மகள்களுக்கு இருக்காது. பொன்னிறச் சேவலும் வெள்ளிப் பெட்டையும் சேர்ந்தால், கருப்புப் போர்வை இல்லாத குஞ்சுகளில், மகன்கள் வெளிர் மஞ்சள், மகள்கள் செம்பழுப்பு. இவை எல்லாம் சேவலையும் பெட்டையையும் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. பட்டைச் சேவலைப் பட்டையில்லாத பெட்டையோடு சேர்த்தால் மகன் மகள் அத்தனைக்கும் பட்டைதான். நிறம் வைத்துப் பிரித்த அந்தக் கலப்புக் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே சேர்த்தாலும் நிறம் வைத்துப் பிரிக்கும் வசதி போய்விடும். ஒவ்வொரு முறையும் மூலப் பெற்றோருக்கே திரும்ப வேண்டும்.

பட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். சேவலுக்கு இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்று என்பதால் ஒரே ஜாதியில் சேவல் எப்போதும் வெளிறியே தெரியும், அது குறை இல்லை. பட்டை இல்லாத சேவலோடு கலந்து எடுத்த மகனுக்கு ஒற்றைப் பிரதி, அவன் அடர்த்தியாக, தன் அம்மா மாதிரியே இருப்பான். அந்த நிறம் அழகாகத் தெரிகிறது என்று அவனைப் பொலிசேவலாக வைத்துக்கொண்டால் அவன் மகள்களில் பாதிக்குப் பட்டையே இருக்காது. அப்புறம், கோடு கோடாகக் கூர்மையான பட்டை வேண்டுமென்றால் இறகு மெதுவாக வளரும் கோழி வேண்டும், சீக்கிரம் இறகு கட்டும் கோழியில் பட்டை அகலமாக, கலங்கி விழும்.

வெள்ளி முழுமையான ஓங்கு என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வெள்ளி, ஒரு பொன் உள்ள சேவலுக்குக் கழுத்தில் மஞ்சள் படியும், தோளில் செம்மை ஏறும். கண்காட்சித் தரத்தில் வெள்ளி வேண்டுமென்றால் அவனை வைத்துக்கொள்ளாதீர்கள். பொன்னும் வெள்ளியும் தனித்தனிக் கூட்டமாகவே இருக்கட்டும்.

வெள்ளைக்கோழி என்றால் சந்தேகப்படுங்கள்

வெள்ளையில் குறைந்தது இரண்டு பெரிய வகை. ஓங்கு வெள்ளை, வெள்ளை லெகார்னில் இருப்பது. கருப்புச் சாயத்தை அடக்கும், சிவப்பை அவ்வளவாக அடக்காது, அதனால்தான் சில கலப்பு வெள்ளைகளில் செம்மை கசிகிறது. ஒடுங்கு வெள்ளை வேறு. டைரோசினேஸ் என்ற மரபணு கெட்டுப்போனதால் வருவது, வெள்ளை சில்கியில் பார்க்கலாம். இரண்டு பிரதி சேர்ந்தால் கீழே என்ன நிறம் இருந்தாலும் அழித்துவிடும்.

உங்கள் வெள்ளை எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு இணைப்பு போதும். சுத்தக் கருப்போடு சேர்த்துப் பாருங்கள். குஞ்சு எல்லாம் வெள்ளையாக, அங்கங்கே கருப்புத் துளியோடு வந்தால் ஓங்கு வெள்ளை. எல்லாம் நிறத்தோடு வந்தால் ஒடுங்கு வெள்ளை. இரண்டு வகையையும் அறியாமல் ஒன்றோடொன்று சேர்த்தால் முதல் ஈடு எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கும், நிம்மதியாக இருப்பீர்கள். அவற்றைத் தங்களுக்குள் சேர்த்ததும் 16ல் 3 குஞ்சு நிறத்தோடு வந்து நிற்கும்.

ஓங்கு வெள்ளையின் ஒற்றைப் பிரதியில் வரும் அந்தக் கருப்புத் துளிகளையே விரும்பி வளர்ப்பவர்களும் உண்டு, பெயிண்ட் என்று பெயர். நீலம் மாதிரிதான் கணக்கு: பெயிண்ட்டும் கருப்பும் சேர்த்தால் பாதிக்குப் பாதி. பெயிண்ட்டும் பெயிண்ட்டும் சேர்த்தால் நாலில் ஒன்று முழு வெள்ளையாகப் போகும், வீண்.

நிறத் திட்டத்தில் வெள்ளைக்கோழியை நான் கூடியவரை தவிர்ப்பேன். வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கும் என்று தெரியாது. பல வெள்ளை லெகார்ன்களில் கீழே பட்டையும் வெள்ளியும் மறைந்திருக்கும், மூன்றாம் தலைமுறையில்தான் வெளியே வரும்.

ஓரக்கோடு, புள்ளி: அவசரம் வேண்டாம்

ஒவ்வொரு இறகையும் பேனாவால் வரைந்தது போல் ஓரக்கோடு போட்ட கோழியைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அதற்கு வடிவ மரபணு, கொலம்பியன், மெலனோட்டிக் என்ற மூன்று மரபணுக்கள் சரியான அடித்தளத்தில் ஒன்றாக அமைய வேண்டும். கொலம்பியன் இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் என்றால் இரட்டைக் கோடு. வேறு ஒன்று சேர்ந்தால் நுனிப்பொட்டு. சாதாரணக் கோழிகளைக் கலந்து இதை உருவாக்கிவிடலாம் என்று இறங்குவது வருஷக்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

ஏற்கனவே ஓரக்கோடு இருக்கும் கோழியில் நிறத்தை மாற்றுவதுதான் நடக்கக்கூடிய காரியம். பொன் ஓரக்கோட்டுச் சேவலை வெள்ளி ஓரக்கோட்டுப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் பொன். கோட்டின் கருப்பை நீலமாக்க ஒரு நீல மரபணு போதும், கோடு நீலமாகும், நடுவில் உள்ள செம்மை அப்படியே நிற்கும். வடிவம் கலையாது, ஏனென்றால் இரண்டு பெற்றோரிடமும் அதே வடிவம்தான் இருக்கிறது.

எத்தனை குஞ்சு பொரிக்க வேண்டும்

பலர் தோற்பது இங்கேதான். நாலில் ஒன்று என்றால் நாலு முட்டை வைத்தால் ஒன்று கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. நாலில் ஒன்று வாய்ப்புள்ள நிறத்தில் ஒரு குஞ்சாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 11 குஞ்சு பொரிய வேண்டும். இரண்டு ஒடுங்கு பண்பை ஒரே நேரத்தில் தேடினால் வாய்ப்பு 16ல் ஒன்று, அதே உறுதிக்கு 47 குஞ்சு. அதில் சேவலாகவும் இருக்க வேண்டுமென்றால் 32ல் ஒன்று, கிட்டத்தட்ட 95 குஞ்சு. இதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு மரபணு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு உதாரணம். உங்களிடம் உடல்வாகு நல்ல பெரிய கருப்பு ஜாதி இருக்கிறது, லாவண்டர் சின்ன உடம்புக்காரக் கோழியிடம்தான் இருக்கிறது. முதல் வருஷம் அந்த லாவண்டரை உங்கள் பெட்டைகளில் இரண்டு மூன்றோடு சேர்த்து, ஒவ்வொரு தாயின் குஞ்சையும் தனி அடையாளத்தோடு வளருங்கள். எல்லாம் கருப்பு ஸ்பிளிட். அடுத்து ஒரு தாயின் மகனை வேறு தாயின் மகள்களோடு சேருங்கள், 40 குஞ்சு பொரித்தால் சுமார் 10 லாவண்டர், அதில் சேவல் பெட்டை ஏறத்தாழ சரிபாதி. அவற்றில் உடம்பு பெரிதாக, இறகு ஒழுங்காக உள்ள ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, உறவில்லாத இன்னொரு நல்ல கருப்போடு மறுபடி சேர்த்து, மறுபடி வெளியே எடுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால்தான் நிறம் புதுசு, உடம்பு பழசு என்ற நிலைக்கு வரும். முதல் சுற்றிலேயே லாவண்டர் கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் தங்கைகளைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனால் முட்டை பொரிப்பு குறையும், குஞ்சு சோர்ந்து போகும். நிறத்துக்காக நொண்டிக் காலையும் கோணல் அலகையும் மன்னிக்காதீர்கள்.

ஒரு கருப்புக்கோழி லாவண்டருக்கு ஸ்பிளிட்டா என்று சோதிக்க அதை லாவண்டரோடு சேருங்கள். ஸ்பிளிட்டாக இருந்தால் ஒவ்வொரு குஞ்சும் லாவண்டராக இருக்க பாதி வாய்ப்பு. ஒரே ஒரு லாவண்டர் வந்தாலும் விடை தெரிந்துவிட்டது. அது ஸ்பிளிட்டாக இருந்தும் தொடர்ந்து 7 குஞ்சும் கருப்பாகவே வர 128ல் ஒரு வாய்ப்புதான்.

கூண்டும் நோட்டும்

எத்தனை கணக்குப் போட்டாலும் அப்பா யார் என்று தெரியாத குஞ்சால் பயனில்லை. பெட்டை தன் உடம்புக்குள் விந்தணுவைச் சேமித்து வைக்கும், சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரத்துக்கு மேலும் கருவுற்ற முட்டை வரும். அதனால் சேவலை மாற்றினால் 4 வாரம் கழித்துத்தான் முட்டை சேருங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் ஒரு முழுப் பருவத்தை நான் இழந்திருக்கிறேன், பழைய சேவலின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புதுச் சேவலைப் பற்றி முடிவெடுத்துவிட்டேன்.

ஒரு கூண்டுக்கு ஒரு சேவல். முட்டை எடுத்த உடனே பென்சிலால் கூண்டு எண்ணும் தேதியும் எழுதுங்கள், 7 முதல் 10 நாளுக்குள் அடை வையுங்கள். இன்குபேட்டரில் 18ஆம் நாள் முட்டைகளை அசைக்காமல் விடும்போது ஒவ்வொரு கூண்டின் முட்டையையும் தனித்தனிச் சின்னக் கூடையில் வைத்து மூடிவிடுங்கள், பொரிந்த பிறகு கலந்தால் யாராலும் பிரிக்க முடியாது. குஞ்சுக்கு உடனே அடையாளம். கால் வளையம் போட்டால் கால் பருக்கப் பருக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் காலை இறுக்கிவிடும். விரலிடைச் சவ்வில் சின்னத் துளை போடுவது நிரந்தரம். இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு, துளை உண்டு இல்லை என்று 16 விதமான அடையாளம் கிடைக்கும், ஒரு பருவத்துக்குப் போதும்.

நோட்டில் குஞ்சின் நிறத்தைப் பொரித்த அன்றும், ஒரு மாதத்திலும், முழு இறகு கட்டிய பிறகும் எழுதுங்கள், முடிந்தால் படமும் எடுங்கள். குஞ்சுத் தூவி ஏமாற்றும். சுத்தக் கருப்புக் குஞ்சுக்கு வயிறும் இறக்கை நுனியும் வெளிர் மஞ்சளாக இருக்கும், அதைப் பார்த்து வெள்ளை கலந்துவிட்டது என்று கழித்துவிடாதீர்கள். வளர்ந்த கோழியிலும் எல்லாம் மரபணு இல்லை. அடிபட்ட இடத்தில் முளைக்கும் இறகு வெள்ளையாக வரலாம், வெயில் வெள்ளையை மஞ்சளாக்கும், நீலத்தைப் பழுப்பாக்கும். புது இறகு கட்டியதும் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். இறகு பெரும்பாலும் புரதம், இறகு உதிர்த்து முளைக்கும் நாட்களில் தீவனத்தில் புரதம் குறைந்தால் நல்ல மரபணுவும் மங்கித்தான் தெரியும்.

கழிக்கும் நேரம் வரும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் போங்கள். கண்ணைப் பறிக்கும் லாவண்டர் சேவலை எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். மூலையில் நிற்கும் சாதாரணக் கருப்புப் பெட்டை, நல்ல உடம்பு, உறுதியான வால் இறகு, நோட்டில் அவள் எண்ணுக்கு எதிரே லாவண்டர் ஸ்பிளிட் என்று எழுதியிருக்கிறது. அவளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வருஷக் கூண்டில் அந்தச் சேவலோடு நிற்க வேண்டியவள் அவள்தான்.